முறத்தில் விதையும் திண்ணையில் அட்டையும்

ஆனி மாதத்துச் சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், கொல்லிமலையின் 14 ஊராட்சிகளுள் ஒன்றாகிய திருப்புலி நாட்டில், மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு வீட்டுத் திண்ணையில் மழைக்காக ஒதுங்கியிருந்தேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்த கிறுகிறுப்பு இன்னும் முற்றாகத் தீரவில்லை. திண்ணையின் ஒரு கோடியில் அவ்வீட்டு ஆயா முறத்தில் சாமை விதையைப் பரப்பி வைத்துக்கொண்டு பதரையும் கல்லையும் விரல் நுனியால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். மறுகோடியில், பத்தும் பன்னிரண்டும் வயது மதிக்கத்தக்க அவருடைய பேரப்பிள்ளைகள் இருவர், தங்கநிறம் பூசிய போக்கிமான் அட்டைகளை வரிசையாகப் பரப்பிக்கொண்டு பலமாக வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

“சாரிசார்டுடா! எச்.பி. 330 பாரு. அஞ்சு கார்டு குடு, தரேன்.”

“அஞ்சா? மூணு வச்சுக்க. இதுல ஒண்ணு மினுமினுன்னு இருக்கு பாரு.”

பெட்டிக்கடையில் பொட்டலம் பொட்டலமாக விற்கும் அட்டைகள் அவை. பிள்ளைகள் ஆடிய ஆட்டமோ மிக எளியது: ஆளுக்கோர் அட்டையை ஒரே சமயத்தில் கீழே வைக்க வேண்டியது, எவனுடைய அட்டையில் எச்.பி. என்னும் உயிர்ப்புள்ளி அதிகமோ, அவனுக்கே இரண்டும் சொந்தம். அந்த ஆட்டத்துக்கு 330 என்ற எண் போதும்; வேறு ஆராய்ச்சி தேவையில்லை. ஆனால் அந்த அட்டைகள் எந்த ஆட்டத்துக்காகப் படைக்கப்பட்டனவோ, அந்த ஆட்டத்தின் விதிகளோடு வைத்துப் பார்க்கும்போது, ‘ஓர் அட்டையின் மதிப்பு என்ன?’ என்ற கேள்வி கணித சாஸ்திரத்தின் நல்ல கேள்விகளுள் ஒன்றாகிவிடுகிறது. அந்தப் பிள்ளைகள் தம்மை அறியாமலே அக்கேள்வியின் வாசலில் நின்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள் என்பதே என் அபிப்பிராயம்.

எண்ணையும் படத்தையும் கண்டு மதிப்பிடலாகாது என்பது சீட்டாடிப் பழகியவர்களுக்குப் புதிய விஷயமன்று. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் ஆடப்படுகிற 304 என்னும் ஆட்டத்தில் கிரீடம் தரித்த ராஜாவுக்கு 3 புள்ளிதான், ராணிக்கு 2. அவர்களுக்கு ஊழியம் செய்யும் ஜாக்கிக்கோ 30. அடுத்த ஸ்தானம் ஒன்பதாம் எண் சீட்டுக்கு, அதற்கு 20. ஆசு 11, பத்து 10, எட்டும் ஏழும் சூன்யம். ஒரு சாதிக்கு 76, நான்கு சாதிக்கும் சேர்த்து 304. ராஜாவைத் தாழ்த்தி ஜாக்கியை உயர்த்தியது விதி. சீட்டில் அச்சிட்ட உருவத்துக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

பின்னர் 1990-களில் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பைகளில் ‘டிரம்ப் கார்டு’ புகுந்தது. மல்யுத்த வீரர் ஒருவரின் படம், அதன் கீழே உயரம், எடை, மார்பளவு, ஆடிய போட்டிகள், வென்ற போட்டிகள், ரேங்க் என்று ஒரு பட்டியல். முறை யாருடையதோ அவர் ஓர் இனத்தைச் சொல்லிக் கூவுவார். அந்த இனத்தில் மேம்பட்டவர் இரண்டு அட்டைகளையும் கைக்கொள்வார். இதை ஆடியவர்களுக்கு ஓர் உண்மை தானாகவே புலப்பட்டிருக்கும். கூவுகிற உரிமை நம்முடையதாக இருக்கும்போது, நம் அட்டையிலுள்ள மிகச் சிறந்த எண் ஒன்றே கணக்கு. மலைபோன்ற மல்லர் யோகோசூனாவின் அட்டை கையில் இருந்தால் எடையைக் கூவிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கூவுகிற உரிமை எதிராளியுடையதாகும்போது, அவர் தம் அட்டையின் பலத்தைப் பார்த்துக் கூவுவார். அப்போது நம் அட்டையின் பலவீனமே நமக்கு எமன். ஆகவே ஒரே அட்டைக்கு இரண்டு மதிப்புகள் உண்டு: முறை நம்முடையதாக இருக்கையில் ஒன்று, அயலாருடையதாக இருக்கையில் மற்றொன்று. எல்லா இனத்திலும் நடுத்தரமாக நிற்கும் அட்டை காப்பதற்கு உதவும், வெல்வதற்கு உதவாது. தன் மிகுதியையும் எதிராளி தரக்கூடிய மிகுந்த தீங்கையும் ஒருங்கே எடைபோடும் இந்தச் சிந்தனையே, விளையாட்டுக் கோட்பாடு என்னும் கணிதத் துறைக்கு அஸ்திவாரம்.

ஆயினும், அவரவர் தமக்கு வேண்டிய அட்டைகளைச் சேகரித்து, தாமே ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு வந்து மோதும் ஆட்டம் உலகில் தோன்றியது 1993-இல்தான். ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கக் கணித நிபுணர் ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற ஆட்டத்தை வகுத்தார், ‘விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ என்னும் நிறுவனம் அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் அதை வெளியிட்டது. இருவர் மந்திரவாதிகளாகப் பாவித்துக்கொண்டு ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளிகளுடன் தொடங்குவார்கள். கட்டில் குறைந்தது 60 அட்டைகள் இருக்க வேண்டும். நிலம் என்னும் அட்டையை ஒரு முறைக்கு ஒன்று வீதம் இறக்கலாம். ஒவ்வொரு நிலமும் முறைக்கு ஒரு பங்கு ‘மானா’ என்னும் மந்திர சக்தியைத் தரும். அந்தச் சக்தியைச் செலவிட்டுத்தான் மற்ற அட்டைகளை இறக்க முடியும். இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி காலம். முதல் முறையில் ஒரு பங்கு, இரண்டாம் முறையில் இரண்டு பங்கு என்று சக்தி படிப்படியாகத்தான் பெருகும். எவ்வளவு செல்வம் உள்ளவரும் முதல் முறையிலேயே மூன்று நிலங்களை இறக்கிவிட முடியாது.

கார்ஃபீல்டு அந்த முதல் தொகுதியில் ஐந்து அட்டைகளை ஒரே அச்சில் வார்த்தார். ஐந்துக்கும் செலவு ஒரே பங்கு சக்தி. ஐந்தும் தருவது ‘மூன்று’. ‘ஹீலிங் சால்வ்’ என்பது மூன்று உயிர்ப்புள்ளிகளை மீட்கும், அல்லது மூன்று புள்ளி அடியைத் தடுக்கும். ‘லைட்னிங் போல்ட்’ மூன்று புள்ளி அடிக்கும். ‘ஜயண்ட் குரோத்’ ஒரு பிராணிக்கு அந்த முறை முடியும் வரையில் தாக்கும் பலத்தையும் தாங்கும் பலத்தையும் மும்மூன்று கூட்டும். ‘டார்க் ரிச்சுவல்’ ஒரு பங்கு சக்தியை மூன்று பங்காக்கித் தரும். ‘ஆன்செஸ்ட்ரல் ரீகால்’ கட்டிலிருந்து மூன்று அட்டைகளை எடுத்துக்கொள்ளச் சொல்லும். ஏட்டளவில் பார்த்தால் ஐந்தும் சகோதரர்கள். வயிற்றுப் பசிக்கு அளந்து போட்டாற்போல ஆளுக்கு மூன்று. ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு விஞ்ஞானி மற்ற யாவற்றையும் சமமாக வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பரீட்சை செய்வதைப்போலவே இது அமைந்துவிட்டது.

பரீட்சையின் முடிவு என்ன? வரவு செலவுக் கணக்கு எழுதுவது போல் எழுதிப் பார்க்கலாம். சால்வ் அட்டையை இறக்கினால் நம் கையில் ஓர் அட்டை குறைகிறது; எதிராளிக்கு ஒன்றும் குறைவதில்லை; அவர் ஏவிய ஒரு மின்னலைத் தடுத்தாலன்றி நமக்கு ஓர் அட்டை நஷ்டம், தடுத்தாலோ சரிக்குச் சரி. மின்னல் அட்டை எதிராளியின் பிராணி ஒன்றை வீழ்த்தினால் ஒன்றுக்கு ஒன்று தீர்ந்தது. வீழ்த்த வேண்டிய பிராணி இல்லாவிட்டாலும் எதிராளியின் உயிரிலேயே மூன்றைக் குறைக்கலாம் ஆதலால் அது ஒருபோதும் வீணாவதில்லை. குரோத் அட்டை, இரு பிராணிகள் மோதுகிற அந்த ஒரு கணம் வாய்த்தால் நல்லது. நம்மிடம் பிராணியே இல்லாத வேளையில் அது வெறுங்காகிதம். ரிச்சுவல் அட்டையில் ஓர் அட்டை நஷ்டம், ஆனால் காலம் லாபம். மூன்றாம் முறையில் செய்ய வேண்டிய காரியத்தை முதல் முறையிலேயே செய்துகொள்ளலாம். ரீகால் அட்டையிலோ ஒன்று செலவு, மூன்று வரவு. அந்த மூன்றும் எவ்வித சந்தர்ப்பத்திலும் நமக்குப் பயன்படும், ஏனெனில் அவை நாமே தேர்ந்து கட்டில் வைத்தவை. கணக்கில் பளிச்சென்று தெரிவதை அனுபவமும் மெய்ப்பித்தது. ரீகால் இன்று ஆட்ட வரலாற்றின் மிக வலிய அட்டைகளுள் ஒன்றாக எண்ணப்பட்டு, பழைய அட்டைகளை அனுமதிக்கும் போட்டியிலும் கட்டுக்கு ஒன்றே என்று கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. சால்வ் அட்டையைத் தேர்ந்த ஆட்டக்காரர் சீந்துவதில்லை. உயிர்ப்புள்ளி மூன்றும் கட்டின் அட்டை மூன்றும் சமமல்ல என்பதை, கணிதம் கற்ற அவ்வாட்டத்தின் கர்த்தாவாலேயே முன்கூட்டிச் சரியாக அளந்துவிட முடியவில்லை என்றால், இந்த மதிப்பீடு எவ்வளவு நுட்பமானது என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இனித் திருப்புலி நாட்டுத் திண்ணைக்குத் திரும்பி, அந்தச் சாரிசார்டையே எடுத்துக்கொள்வோம். போக்கிமான் அட்டையாட்டம் ஜப்பானில் 1996-இல் வெளிவந்தது; ஆங்கிலத்தில் 1999-இல். அந்த முதல் தொகுதியின் சாரிசார்ட் உலகெங்கும் பிள்ளைகள் கண்ணில் ஒற்றிக்கொண்ட அட்டை: உயிர்ப்புள்ளி 120, ‘நெருப்புச் சுழல்’ என்னும் தாக்குதலால் விளையும் சேதம் 100. அத்தொகுதியில் இவ்வளவு பெரிய எண்கள் அபூர்வம். அதே தொகுதியில் ஹிட்மொன்சான் என்னும் ஒரு குத்துச்சண்டைக்காரனும் உண்டு. உயிர்ப்புள்ளி 70, சாதாரணக் குத்துக்குச் சேதம் 20, விசேஷக் குத்துக்கு 40. படத்தை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஆனால் விதியைப் பாருங்கள். ஒரு முறைக்கு ஒரு சக்தி அட்டையைத்தான் பொருத்தலாம். சாரிசார்டை நேராக இறக்க முடியாது. முதலில் சார்மாண்டர் என்னும் குட்டியை இறக்கி, அடுத்த முறையில் அதைச் சார்மீலியனாக வளர்த்து, அதற்கடுத்த முறையில்தான் சாரிசார்டாக்க வேண்டும். நெருப்புச் சுழலுக்கு நான்கு சக்தி அட்டைகள் தேவை. ஆகவே எல்லாம் அதிருஷ்டவசமாக அமைந்தாலும் நான்காம் முறைக்கு முன்னால் அது வாயைத் திறக்காது. திறந்தபின் இரண்டு சக்தி அட்டைகளைக் கழித்துவிட வேண்டும் என்பதால், மீண்டும் ஆறாம் முறையில்தான் அடிக்க முடியும். ஹிட்மொன்சானோ இறங்கிய முறையிலேயே ஒரு சக்தியைக் கொண்டு 20 குத்துகிறான். இரண்டாம் முறையில் மேலும் 20. மூன்றாம் முறையில் மூன்று சக்தி சேர்ந்துவிடுவதால் விசேஷக் குத்து 40, அதன்பின் முறைதோறும் 40.

கூட்டிப் பார்ப்போம். நான்காம் முறை முடிவில் சாரிசார்ட் விளைத்த சேதம் 100. ஹிட்மொன்சான் விளைத்தது 120. ஐந்தாம் முறையில் 100-க்கு 160. ஆறாம் முறையில்தான் இரண்டும் 200 என்று சமநிலைக்கு வருகின்றன. அந்த 200-க்காகச் சாரிசார்ட் விழுங்கியவை மூன்று போக்கிமான் அட்டைகள், ஆறு சக்தி அட்டைகள், ஆக ஒன்பது. ஹிட்மொன்சான் கேட்டவை தானும் மூன்று சக்திகளுமாக நான்கே. சாரிசார்ட் பின்வரிசையில் பதுங்கி வளர்கிற அத்தனை நேரமும் அதற்கு முன்னால் வேறோர் அட்டை நின்று அடிவாங்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்நாளில் ‘எனர்ஜி ரிமூவல்’ என்றோர் அட்டை போட்டிகளில் மிகச் சாதாரணமாகப் புழங்கியது. எதிராளி பொருத்திய சக்தி அட்டை ஒன்றை அது பறித்துவிடும். நான்கு சக்திகளுக்காகத் தவம் கிடக்கும் பிராணிக்கு ஒன்று பறிபோனால் ஒரு முறை முழுவதும் பாழ். ஒரே சக்தியில் குத்தக்கூடியவனுக்கு அது பெரிய நஷ்டமாகாது. ஆகவேதான் அக்காலத்துப் போட்டிகளில் வென்றவர்கள் சாரிசார்டை உறையில் போட்டுப் பத்திரப்படுத்திவிட்டு, ஹிட்மொன்சானையும் அவனை ஒத்த எலெக்டபஸ், சைதர் முதலியவற்றையும் கட்டில் நிரப்பினார்கள். விலையுயர்ந்த அட்டை வேறு, வெல்லும் அட்டை வேறு.

இதில் ஒரு முக்கியமான விலக்கையும் சொல்லியாக வேண்டும். முதல் தொகுதிச் சாரிசார்டுக்குக் குத்துச்சண்டை இனத்தாரின் அடியிலிருந்து 30 புள்ளி கழிவு உண்டு. முழுமையாக வளர்ந்து நிற்கும் சாரிசார்டின் மேல் ஹிட்மொன்சானின் 20 புள்ளிக் குத்து பட்டால் சேதம் சூன்யம்; 40 புள்ளிக் குத்தும் 10-ஆகச் சுருங்கும். நேருக்கு நேர் நின்றால் ராட்சதனே ராட்சதன். எதிரே நிற்பது எது என்று அறியாமல் ஓர் அட்டைக்கு மதிப்புச் சொல்ல முடியாது என்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல அத்தாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று நிகழ்தகவு. கட்டில் 60 அட்டை. தொடக்கத்தில் கைக்கு வருவன ஏழு. ஓர் அட்டையை ஒன்றே ஒன்று வைத்திருந்தால் அது முதல் கையிலேயே வருவதற்குள்ள வாய்ப்பு அறுபதில் ஏழு, அதாவது நூற்றுக்குச் சுமார் 12. விதி அனுமதிக்கும் உச்ச அளவாகிய நான்கு பிரதிகளை வைத்தால் நூற்றுக்கு 40. சார்மாண்டர் நான்கு, சார்மீலியன் நான்கு, சாரிசார்ட் நான்கு என்று பன்னிரண்டு இடங்களைத் தியாகம் செய்தாலும், மூன்றிலும் குறைந்தது ஒவ்வொன்று முதல் ஏழிலேயே வந்தமையும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மேலே நான் போட்ட கணக்கு, அந்த ஐந்து பேருக்குள் ஒருவராக நம்மை வைத்துக்கொண்டு போட்ட தாராளமான கணக்கு. மற்றைய தொண்ணூற்றைந்து ஆட்டங்களில் குட்டி இருக்கும், தாய் இராது. அல்லது சாரிசார்டே கையில் மூன்று குவிந்து, இறக்க வழியின்றிப் பாரமாகக் கிடக்கும்.

இந்த இடத்தில்தான் பேராசிரியர் ஓக் என்னும் அட்டையின் அருமை விளங்குகிறது. அதில் பிராணியும் இல்லை, நெருப்பும் இல்லை. வெள்ளை அங்கி அணிந்த ஒரு கிழவர் இருக்கிறார். கையில் உள்ளவை யாவற்றையும் கழித்துவிட்டுப் புதிதாக ஏழு அட்டைகளை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார், அவ்வளவுதான். பிள்ளைகள் அதைப் பண்டமாற்றில் எளிதாகக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் முதல் ஏழோடு மேலும் ஏழைக் கண்ணால் கண்டுவிட்டால், நான்கு பிரதி உள்ள ஓர் அட்டையைச் சந்திக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 40-இலிருந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்துவிடுகிறது. ஓக் தானாக ஒரு புள்ளியும் அடிப்பதில்லை; நான்கு ஓக் போக, மற்ற ஐம்பத்தாறு அட்டைகளின் மதிப்பையும் சிறிது சிறிது உயர்த்துகிறார். கார்ஃபீல்டின் ரீகால் அட்டையும் இவரும் ஒரே கோத்திரம்.

நான் இவ்வாறு மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது ஆயாவின் முறத்தின் பக்கம் பார்வை போயிற்று. ஒரு சிறு குவியலைத் தனியே ஒதுக்கி வைத்திருந்தார். இது என்ன விதை என்று கேட்டேன். “இது கட்டவெட்டிங்க. அது வெள்ளப்பெருஞ்சாமை. அது நல்லா வெளையும், ஆனா நாள் புடிக்கும். மழ தப்பிப் போச்சுன்னா கட்டவெட்டிதாங்க கஞ்சி ஊத்தும்” என்றார். இரண்டில் எது உசத்தி என்று நான் மேலும் கேட்டேன், அவர் என்னை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “எந்தக் காட்டுக்குங்க?” என்று திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. கொல்லிமலையில் சாமைக்கே பல விதைகள் உண்டு. தினையும் கேழ்வரகும் வேறு. சரிவான காட்டில் ஒன்று, சமநிலத்தில் ஒன்று, முன்மழைக்கு ஒன்று, பின்மழைக்கு ஒன்று என்று பிரித்து, துவரையும் கடுகும் மொச்சையும் ஊடே கலந்து விதைத்தவர்கள் இம்மலை மக்கள். அவர்கள் ஒரு விதையைத் தனியே நிறுத்தி மார்க்குப் போடுவதில்லை. எத்தனை நாளில் பலன், எவ்வளவு உழைப்பு, மழை பொய்த்தால் என்னாகும், பக்கத்தில் நிற்பது எது என்று நான்கையும் ஒருங்கே வைத்து நினைக்கிறார்கள். அட்டைக்கட்டுக் கட்டும் நிபுணர் கேட்கும் கேள்விகளும் இவையே.

இப்படிப் பல சேர்ந்து நிற்பதன் பலனுக்கு அட்டையாட்டத்திலும் ஒரு பெயர்பெற்ற உதாரணம் உண்டு. 1996-இல் அட்லாண்டாவில் நடந்த ஒரு தகுதிப்போட்டிக்குப் பால் ஸ்லை என்பவர் கொண்டுவந்த மேஜிக் கட்டைக் கண்டவர்கள் வியந்தார்கள். ஜே ஷ்னைடர் என்பவர் வகுத்த அந்தக் கட்டில் ‘அயர்ன்கிளா ஆர்க்ஸ்’ போன்ற, எவரும் மதிக்காத அற்பப் பிராணிகளே மிகுதி. ஆனால் முதல் முறைக்கு ஒரு பங்கு சக்தியில் இறங்குவன இத்தனை, இரண்டாம் முறைக்கு இத்தனை, மூன்றாம் முறைக்கு இத்தனை என்று படிக்கட்டு அமைப்பது போல் எண்ணிக்கை அமைத்திருந்தார்கள். ஒரு முறையில் ஒரு துளி சக்தியும் வீணாகாது. எதிராளி தம்முடைய பெரும்பூதத்தை இறக்குவதற்கு ஐந்தாம் முறைக்காகக் காத்திருக்கையில், அவருடைய 20 உயிர்ப்புள்ளிகளில் பெரும்பகுதி கரைந்து போயிருக்கும். தனித்தனியே எடைபோட்டால் தேறாத அட்டைகள் அந்த வரிசையில் நின்று ஜயித்தன.

பெரியவர்களும் தவறியதற்குச் சான்று ‘நெக்ரோபொடென்ஸ்’. 1995-இல் வெளிவந்த அந்த அட்டை, முறைதோறும் இயல்பாக எடுக்கும் ஓர் அட்டையை இழக்கச் சொல்லி, அதற்கு ஈடாக ஓர் உயிர்ப்புள்ளிக்கு ஓர் அட்டை வீதம் வேண்டிய மட்டும் வாங்கிக்கொள்ள அனுமதித்தது. உயிரைக் கொடுத்து அட்டை வாங்குவதா என்று ஆட்டக்காரர் பலர் முதலில் அதை ஒதுக்கினார்கள். ஏறத்தாழ ஓராண்டில், 1996-இன் கோடையில், போட்டிகள் முழுவதும் அதன் ராஜ்யமாயிற்று. சால்வ் அட்டை கற்பித்த பாடத்தின் மறுபக்கம் அது: உயிர்ப்புள்ளி மலிவு என்றால் அதை விற்பவன் புத்திசாலி. 20 புள்ளிகளில் கடைசிப் புள்ளி ஒன்றே ஆட்டத்தை முடிப்பது. முந்திய பத்தொன்பதும் கைமுதல்.

இக்காலத்தில் ஊகத்துக்கு அவசியமில்லை, கணினியில் ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் பதிவு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் எண்ணிக்கை பேசத் தொடங்குவதற்கு நிறைய ஆட்டங்கள் வேண்டும். ஓர் அட்டையைச் சேர்த்து 20 ஆட்டம் ஆடிப் பன்னிரண்டில் வென்றால் அட்டை நல்லது என்று மகிழ்வோம். ஆனால் ஒரு ரூபாய் நாணயத்தை 20 தடவை சுண்டினாலும் பன்னிரண்டோ அதற்கு மேலோ தலை விழுவது நான்கு தடவைக்கு ஒரு தடவை நடக்கும். நூற்றுக்கு இரண்டு என்ற சிறு வித்தியாசத்தை ஓரளவு நம்பிக்கையோடு காண 2,500 ஆட்டங்களாவது வேண்டியிருக்கும். அதன் பிறகும் ஒரு சந்தேகம் மிஞ்சும்: கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் ஓர் அட்டையை விரும்பி எடுத்தால், வெற்றி அட்டையுடையதா, ஆளுடையதா? நல்ல மருந்தா, நல்ல உடம்பா என்று மருத்துவ ஆராய்ச்சியாளர் படும் அதே அவஸ்தை இது. முடிந்த முடிவாக எல்லா நிலைகளையும் கணினியே தீர்த்துவிடும் என்றும் எதிர்பார்ப்பதற்கில்லை. ஆலன் டூரிங் வகுத்த கணிப்பொறியையே மேஜிக் அட்டைகளைக் கொண்டு அமைத்துவிட முடியும் என்று 2019-இல் மூவர் நிரூபித்தார்கள். அதிலிருந்து, இருவருக்கும் வேறு வழியின்றி ஒவ்வொரு நகர்வும் கட்டாயமாகவே அமைந்த நிலைமையிலும், யார் வெல்வார் என்பதை எப்போதும் சொல்லிவிடக்கூடிய கணக்குமுறை ஒன்று இருக்கவே முடியாது என்பது பெறப்பட்டது. மனிதர் வகுத்த ஒரு விளையாட்டுக்குள் இவ்வளவு ஆழம் இருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

சாரல் நிற்கிற பாடாக இல்லை. பிள்ளைகளின் பழைய நோட்டு அட்டைகளைக் கத்தரித்து, நினைவிலிருந்த முதல் தொகுதி அட்டைகளைப் பேனாவால் எழுதி, ஆளுக்கு முப்பதாக இரண்டு கட்டுகள் செய்தேன். சேதத்தைக் கணக்கிட, பத்துக்கு ஒன்றாக மொச்சைக்கொட்டைகளை ஆயா ஒரு கிண்ணத்தில் கொடுத்தார். பெரியவன் யோசியாமல் சாரிசார்டின் கட்டை எடுத்துக்கொண்டான், சிறியவனுக்கு ஹிட்மொன்சான். நாணயத்தைச் சுண்டியதில் முதல் முறை சிறியவனுக்கு விழுந்தது.

முதல் குத்து, சார்மாண்டரின் மேல் இரண்டு கொட்டைகள். மறு குத்து, நான்கு கொட்டைகள், மிச்சமிருந்த உயிர் 10. பெரியவன் பெருமூச்சு விட்டுச் சார்மீலியனாக வளர்த்தான். உயிர் 80 ஆயிற்று, ஆனால் கொட்டைகள் நான்கும் இருந்த இடத்திலேயே இருந்தன. சிறியவன் மூன்றாம் சக்தியைப் பொருத்தி விசேஷக் குத்து விட்டான். எட்டுக் கொட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினான் பெரியவன். எண்ணி முடித்துவிட்டு, கையிலிருந்த அட்டைகளைத் திருப்பிக் காட்டினான். அவற்றின் நடுவில் சாரிசார்ட் இருந்தது.

“சார், அடுத்த டர்ன் இறக்கியிருப்பேன் சார்.”

இரண்டாம் ஆட்டத்தில் அவன் முதலில் தொடங்கினான். ஒரு முறை முந்தியதால் மூன்றாம் முறையில் சாரிசார்ட் உயிரோடு எழுந்து நின்றது. சிறியவனின் விசேஷக் குத்து அதன் மேல் ஒரே ஒரு கொட்டையாய் விழுந்தது. நான்காம் முறையில் நெருப்புச் சுழலுக்கு ஹிட்மொன்சான் பலியானான். மூன்றாம் ஆட்டத்தில் பெரியவனுக்குச் சார்மீலியன் வரவே இல்லை. நான்காவதில் மழை விட்டது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

நான் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது பெரியவன் பின்னாலேயே ஓடிவந்தான். தங்கநிறச் சாரிசார்டைச் சட்டைப்பையில் சொருகியிருந்தான். கையில் வெள்ளைக் காகிதத் துண்டும் பேனாவும் இருந்தன.

“சார், அந்த வெள்ளக் கோட்டுத் தாத்தா கார்டு இருக்குல்ல, அத இன்னும் மூணு எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார்.”